மூணாவது எண்

கொக்கி வச்சுக்கிட்டே பேசறேன்க்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பன்னெண்டு ரவிக்கை இருக்கு, பொழுது சாயறதுக்குள்ள ரபீக் பாய் தையல் கடைக்குப் போகணும். நீங்க அந்தச் சேர்ல ஒக்காருங்க. ஒரு கால் ஆடும், சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கங்க. காலி பண்றவங்க சாமான் ஏத்தி முடிச்சதும் சாவி குடுத்துருவாங்க, அப்புறம் நிதானமா உள்ள போய்ப் பாருங்க. இப்பப் போனா பீரோவுக்குக் குறுக்க நிப்பீங்க. அந்த லோடு ஆட்டோ எங்க வீட்டுக்காரரோடதுதான். கட்டிலோட தலைமாட்டைப் பிடிச்சுக்கிட்டு ஆளுங்களைத் திட்டிக்கிட்டு இருக்காரே, அவருதான், தவமணி.

நீங்க குடிவரப் போற வீடு நல்ல வீடுக்கா. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். இந்தக் காம்பவுண்டுல மொத்தம் ஆறு வீடு, சண்டை சச்சரவு கெடையாது. ஒரே ஒரு குறை, எங்க வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுச்சுவத்துல மேல ஒரு வெண்டிலேட்டர் இருக்கு. அங்க தும்முனா இங்க கேக்கும். இப்ப அதுல அட்டை வச்சு அடைச்சிருக்காங்க. அந்த அட்டைதான் என் வயித்தெரிச்சல்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாக்கா? பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை... தெரியாதா. சரி விடுங்க. கையில பை வச்சிருந்தீங்களா, ஒருவேளை தெரியுமோன்னு கேட்டேன்.

இல்ல, விஷயம் ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டு இன்பராஜ் சாரு, இப்பக் காலி பண்ணிக்கிட்டு நாகர்கோவில் போறாங்களே, அவரு வீட்டுலருந்தே கம்ப்யூட்டர் பாடம் எடுப்பாரு. பிள்ளைங்க எங்கெங்கயோ அவங்கவங்க வீட்டுல இருக்கும், இவரு திரையைப் பார்த்துக் கத்துவாரு. தெனம் பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா பன்னெண்டரை. எம்பொண்ணு தர்ஷிகா சரியா அந்த நேரம் தூங்குவா. நான் அந்தச் சுவத்தடியில ஒக்காந்து கொக்கி வைப்பேன். ஒட்டுக் கேக்கணும்னு ஒக்காரலக்கா. அங்கதான் ஃபேன் காத்து வரும்.

நான் ஏழாவது வரைக்கும்தான். அதுலயும் பாதி நாள் ஆப்சென்ட். பள்ளிக்கூடத்துக்குப் போவேன், தெனம் போவேன். பேரு கூப்பிடறப்ப "உள்ளேன் டீச்சர்"னு சொல்லணும்ல, அது வாய்க்குள்ளயே நின்னுக்கும். டீச்சர் தலையைத் தூக்காமலே ஆப்சென்ட் போட்டுருவாங்க. பெஞ்சுல ஒக்காந்துக்கிட்டே ஆப்சென்ட் ஆனவ நான் ஒருத்திதான்.

அதனால கம்ப்யூட்டர்ல நமக்கு என்ன புரியப் போகுதுன்னுதான் இருந்தேன். ஆனா இந்தச் சாரு சொன்னதையே சொல்லுவாரு. அந்தப் பிள்ளைங்களுக்கு ஏறவே ஏறாது, அவரும் விடமாட்டாரு. கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாயிருச்சு. லிஸ்டுன்னா ஒரு வரிசைக்கா, அவ்வளவுதான். சாரோட வரிசை பழ வரிசை. ஆப்பிள், மா, வாழை, கொய்யா, திராட்சை, பலா. மூணு மாசமா அதே ஆறு பழம். அழுகியே போயிருக்கும்.

அதுல ஆப்பிளு ஒண்ணாவது இல்லையாம். பூஜ்யமாம். மா தான் ஒண்ணு. பலா ஆறாவதா நின்னாலும் அதுக்கு நம்பரு அஞ்சு. இதுக்கே நாலு நாள் ஆச்சு. அப்புறம் கடைசியில இருந்து எண்ணணும்னா மைனஸ். மைனஸ் ஒண்ணுன்னா பலா, மைனஸ் ரெண்டுன்னா திராட்சை. இது பிள்ளைங்களுக்குச் சட்டுன்னு வந்துருச்சு. எனக்கும்தான்.

இதனால எனக்கு ஒரு கெட்ட பேரும் வந்துச்சு, கேளுங்க. ரபீக் பாய் ஒருநா ஒரு ரவிக்கையைக் குடுத்து, "அங்காளேஸ்வரி, மூணாவது கொக்கி லொடலொடன்னு இருக்கு, பிரிச்சு மாத்தி வச்சிரு"ன்னாரு. நான் பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி, அதைப் பிரிச்சு நல்லா இறுக்கி வச்சுக் குடுத்துட்டேன். லொடலொடத்தது அப்படியே இருந்துருக்கு. அந்தம்மா கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறக் குனிஞ்சிருக்காங்க, பட்டுன்னு... சிரிக்காதீங்கக்கா. பாய் என்னைப் பிடிச்சு ஏசுனாரு. "ஏம்மா, அஞ்சு கொக்கியை எண்ணத் தெரியாதா?"ங்கிறாரு. எந்த எண்ணிக்கைன்னு அவரு தெளிவாச் சொல்லியிருக்கணும்ல?

கட்டில் ஏறிருச்சா? இன்னும் இல்ல. சரி.

அப்புறம்தான் வெட்டுறது வந்துச்சு. வரிசையில நமக்கு வேணுங்கிற துண்டை மட்டும் எடுக்கறது. ஆரம்பத்துக்கு ஒரு எண், முடிவுக்கு ஒரு எண், நடுவுல மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி. "ஒண்ணுல ஆரம்பிச்சு நாலுல நிறுத்தினா என்ன வரும்?"னு கேப்பாரு. அந்தப் பிள்ளைங்க, "மா, வாழை, கொய்யா, திராட்சை"ம்பாங்க. "திராட்சை வராதுடே!"ன்னு கத்துவாரு. ஏன் சார் வராது, நாலுதானே திராட்சை, நாலு வரைக்கும்தானே சொன்னீங்கன்னு ஒருத்தன் கேப்பான். "அது அப்படித்தான். கடைசி எண் சேராது. மனப்பாடம் பண்ணிக்கோ"ம்பாரு. மறுநா திரும்பவும் திராட்சை வந்து நிக்கும். பாவம், பத்து நாள், தொண்டை கட்டிப் போச்சு அவருக்கு.

எனக்கு அதுல குழப்பமே வரலைக்கா. எப்படின்னா, இந்தா, இந்த இஞ்ச் டேப்பைப் பிடிங்க. இந்தத் தகடு இருக்கே, இது பூஜ்யம். ஒண்ணுங்கிற கோடு எங்க இருக்கு? ஒரு இஞ்சு தாண்டித்தான் இருக்கு. இந்த மொத இஞ்சுலதான் ஆப்பிளு ஒக்காந்திருக்கு. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல மா. இப்ப ஒண்ணுல ஒரு கத்தரி, நாலுல ஒரு கத்தரி போடுங்க. எத்தனை இஞ்சுத் துணி கையில வரும்? மூணு. மா, வாழை, கொய்யா. திராட்சை நாலாம் கோட்டுக்கு அங்கிட்டுல்ல இருக்கு, அது எப்படி வரும்? நம்பரு பழத்துக்கு இல்லக்கா, கத்தரி வைக்கிற கோட்டுக்கு. இதுல மனப்பாடம் பண்ண என்ன இருக்கு?

பாருங்க, உங்களுக்கே புரிஞ்சிருச்சு.

சாரு கேக்க, நான் இங்க டேப்பைப் பார்த்து மெதுவாச் சொல்லிக்குவேன். கொஞ்ச நேரத்துல அவரும் அதையே சொல்லுவாரு. சரியா வர்றப்பல்லாம் எனக்குக் கையில ஊசி நிக்காது. ஒருநா விரல்ல நல்லா ஏறி ரவிக்கையில பொட்டு மாதிரி ரத்தம், நல்லவேளை செவப்புத் துணி. எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு ராத்திரி சோறு போடறப்பச் சொன்னேன், இந்த மாதிரி, நான் சொல்றது எல்லாம் சரியா வருதுன்னு. "கொக்கி வைக்கிறவளுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குடி, கம்ப்யூட்டருக்குக் கொக்கி வைக்கப் போறியா?"ன்னாரு. கெட்டவரு இல்லக்கா. பேச்சுதான் அப்படி.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வரேன். ஒருநா சாரு, "நாலுல ஆரம்பிச்சு நாலுலயே நிறுத்தினா என்ன வரும்?"னு கேட்டாரு. ஒருத்தன் திராட்சைன்னான். ஒருத்தி கம்ப்யூட்டர் திட்டும் சார்ன்னா. அப்புறம் எல்லாரும் கம்முன்னு ஆயிட்டாங்க. "யாருக்குமே தெரியலையா? ஒருத்தருக்குக் கூடவா?"ங்கிறாரு. அந்தக் குரல்ல ஒரு அலுப்பு. எனக்கு ஒடம்பெல்லாம் பரபரன்னு வந்துருச்சு. ஒக்கார முடியல. எப்படி எந்திரிச்சேன்னு தெரியல, வெண்டிலேட்டரைப் பார்த்து, "ஒண்ணும் வராது! ஒரே கோட்டுல ரெண்டு தடவை கத்தரி போட்டா துண்டு ஏது?"ன்னு கத்திட்டேன்.

நான்தான்க்கா. இந்த வாய்தான்.

அந்தப் பிள்ளைங்க எல்லாம் சிரிக்குது. "சார், யாரு சார் அது? டெய்லர் கிளாஸா சார்?"னு ஒருத்தன் கேக்கறான். சாரு என்ன சொன்னாரு தெரியுமா? "பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்"னாரு. டிவி! சரியான பதிலைச் சொன்ன ஒரு மனுசியை டிவிங்கலாமா? "ஆனா பதில் சரி. காலி லிஸ்டுதான் வரும்"னும் சொன்னாரு. சொல்லிட்டு, "வெட்டறதுல மூணாவதா ஒரு எண் இருக்கு, அதை நாளைக்குப் பார்க்கலாம்"னு முடிச்சுட்டாரு.

மூணாவது எண்ணு. ஆரம்பம் ஒண்ணு, முடிவு ஒண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணு என்னத்துக்கு? அன்னைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடல. ஒரு ரவிக்கையில கொக்கியை வெளிப்பக்கம் வச்சுட்டேன்னா பாருங்க.

மறுநா பதினோரு மணிக்கு ஒக்காந்தேன். அண்ணாந்து பார்த்தா வெண்டிலேட்டர்ல அட்டை! ஃபிரிட்ஜு வந்த பெட்டி அட்டை, நல்ல கனம். டேப்பு ஒட்டி, சந்து இல்லாம அடைச்சிருக்காரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு தடவை வாயைத் திறந்ததுக்கு இப்படியா? மொதநா சாயங்காலம் அவங்க வீட்டம்மா பிரிசில்லாக்கா வந்து நல்லாத்தான் பேசிட்டுப் போனாங்க. அதான் இன்னும் ஆத்திரம்.

என்ன பேசினாங்களா? பெருசா ஒண்ணுமில்ல. "கிளாஸ்ல ஒரு பதில் கேட்டுதாமே, யாருன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. நீயா மக்கா?"ன்னு கேட்டாங்க. எனக்கு முகமெல்லாம் வேர்த்துருச்சு. "டிவிக்கா"ன்னேன். இல்ல, நீங்க அப்படிப் பார்க்காதீங்க. அவரே நாப்பது பிள்ளைங்களுக்கு முன்னாடி டிவின்னுட்டாரு. நான் மாத்திச் சொன்னா அவரு பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா? எங்க வீட்டு டிவி ஆனி மாசத்துலருந்து ரிப்பேர் கடையில கெடக்கு, அது வேற விஷயம். அந்த ஸ்டாண்டுல துணி மடிச்சு வச்சிருக்கேன். அந்தக்கா அதையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க. "டிவியா, சரி"ன்னாங்க. அப்புறம், "அவருக்குச் சத்தம் கூடுதலு. உனக்குத் தொந்தரவா இருக்கோ?"ன்னு கேட்டாங்க. கேட்டா என்ன சொல்றது? ஒண்ணும் சொல்லாம நிக்க முடியுமா? வாயில வந்ததைச் சொன்னேன். "பிள்ளை தூங்கற நேரம்க்கா"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தம்? கோவத்துல அடைச்சதுதான் அது.

பீரோ வருது பாருங்க. ஏங்க, பார்த்து! கண்ணாடி இருக்குங்க அதுல! ...காதுல விழாது அவருக்கு.

அட்டை வச்சாலும் சாரு கத்தறது பாதி கேக்கும்க்கா. எண்ணு கேக்காது, பழம் கேக்கும். பத்து நாள் கழிச்சு, "கத்தரி எங்க வைக்கிறோம், அதைப் பாருங்க! ஒரே கோட்டுல ரெண்டு தடவை கத்தரி போட்டா துண்டு ஏது?"ன்னு அவரு கத்தறாரு. என் பேச்சுக்கா அது! ஒரு எழுத்து மாறாம என் பேச்சு. பிள்ளைங்க எல்லாம் "ஓ"ங்குது. அதுலருந்து ஒருத்தனும் திராட்சை சொல்றதில்ல. எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. யாரு சொன்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல அந்த மனுசன்? டிவி சொல்லுச்சுன்னாவது சொல்லலாம்.

சரி, அது போகட்டும். மூணாவது எண்ணு என்னங்கறதுதான் என் பிடுங்கல். எங்க வீட்டுக்காரரு போன்ல பார்க்கலாமேங்கறீங்க. பார்த்தேன். இங்கிலீஷ்ல ஒருத்தரு, இந்தியில ஒருத்தரு. தமிழ்ல ஒருத்தரு கெடைச்சாரு, கம்ப்யூட்டரை எப்படித் தொறக்கறதுன்னு ஆரம்பிக்கிறாரு. அவரு பூஜ்யத்துக்கு வர்றதுக்குள்ள இவருக்கு லோடு வந்துருச்சு, போனைப் பிடுங்கிட்டுப் போயிட்டாரு.

நேர்ல கேக்கலாம்னு நாலு தடவை அந்த வீட்டு வாசலுக்குப் போனேன். முதல் தடவை சாரே கதவைத் தொறந்தாரு. "என்னம்மா?"ன்னாரு. "கறிவேப்பிலை இருக்கா சார்?"னு கேட்டுட்டேன். அடுத்த தடவையும் கறிவேப்பிலை. மூணாவது தடவை நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே அந்தக்கா ஒரு கொத்தை நீட்டுறாங்க. வீட்டுல கெடந்து காயுது. கூடவே அவங்க, "வேற ஏதாவது வேணுமா மக்கா?"ன்னும் கேட்டாங்க. ஒண்ணும் வேணாம்னு ஓடியாந்துட்டேன். நாலாவது தடவை கதவு வரைக்கும் போய் அப்படியே திரும்பிட்டேன்.

அப்புறம் நானே கண்டுபிடிக்கலாம்னு ஒக்காந்தேன். கேக்கற பழத்தை எல்லாம் அளவுச் சீட்டுக்குப் பின்னாடி எழுதி வச்சேன். ஒருநா எல்லாரும் சேர்ந்து, "ஆப்பிள், வாழை, திராட்சை"ன்னாங்க. சாரு "கரெக்ட்"டுன்னாரு. பார்த்தா, நடுவுல மா இல்ல, கொய்யா இல்ல, பலா இல்ல. ஒண்ணு விட்டு ஒண்ணு, நம்ம குழாய்த் தண்ணி மாதிரி. அப்ப மூணாவது எண்ணு எத்தனை எத்தனையாத் தாண்டணும்ங்கறதுக்குன்னு பிடிச்சுட்டேன். ரெண்டு போட்டிருப்பாங்க, ரெண்டு ரெண்டாத் தாண்டியிருக்கு. கொக்கிக்குக் கொக்கி எடம் விடறோம்ல, அது மாதிரி. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

மறுநா கெடுத்துட்டாங்க. மறுநா அதே பிள்ளைங்க, "பலா, திராட்சை, கொய்யா, வாழை, மா, ஆப்பிள்"ங்குது. சாரு அதுக்கும் "கரெக்ட்"டுங்கறாரு. மொத்த வரிசையும் தலைகீழாத் திரும்பி நிக்குது! தாண்டற எண்ணு எப்படிக்கா வரிசையைத் திருப்பும்? எவ்வளவு தாண்டினாலும் முன்னாடிதானே போகணும்? மூணு வாரமா இதே நெனப்பு. சோறு குழையுது, பால் பொங்குது. பிள்ளையைக் குளிப்பாட்டறப்ப அவ விரலை எண்ணிக்கிட்டு நிக்கறேன், அவ குளிருதுன்னு அழறா.

நேத்து இந்த டேப்பைச் சுத்தறப்ப ஒண்ணு பார்த்தேன். இங்க பாருங்க. இந்தப் பக்கம் தகட்டுலருந்து ஒண்ணு, ரெண்டுன்னு போகுதா. திருப்பிப் போடுங்க. இந்தப் பக்கம் அந்தக் கோடியிலருந்து ஒண்ணு, ரெண்டுன்னு வருது! இத்தனை வருசம் கையில வச்சிருக்கேன், இது கண்ணுல படல. அதே டேப்பு, அதே நீளம், ஆரம்பம் மட்டும் அந்தக் கோடி. உடனே எனக்கு மைனஸ் ஞாபகம் வந்துச்சு. மைனஸுன்னா கடைசியிலருந்துதானே. அப்ப மூணாவது எண்ணுல மைனஸ் ஒண்ணு போட்டா, ஒண்ணு ஒண்ணா, பின்னாடி பார்த்துத் தாண்டும். அப்படித்தானே இருக்கணும்? ஆனா மைனஸ் ஒண்ணுன்னா பலான்னுல்ல சொல்லிக் குடுத்தாரு? எடத்துக்கு வச்ச மைனஸும் தாண்டறதுக்கு வச்ச மைனஸும் ஒண்ணா, வேறயா? எந்தப் பக்கம் போட்டுப் பார்க்கறது, எங்கிட்டக் கம்ப்யூட்டரா இருக்கு?

ஆமாங்கறதா இல்லைங்கறதா, அவரு ஒரு தலை ஆட்டினாப் போதும்க்கா. இன்னைக்கு விட்டா அவரு நாகர்கோவில்ல, நான் இங்க. ஒவ்வொரு சாமானா ஏற ஏற நான் அதைத்தான் எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். காலையிலருந்து நாலு கொக்கிதான் வச்சிருக்கேன், நீங்க பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க. ஆனா எதைச் சொல்லிக் கேக்கறது? எப்படித் தெரியும்னு கேட்டா? அவ்வளவு நாளும் சுவத்துக்குப் பின்னாடி ஒக்காந்திருந்தியான்னு கேட்டா? எங்க வீட்டுக்காரரு வேற பக்கத்துலயே நிக்கறாரு. போறப்ப வழியனுப்பற சாக்குல போய், மெதுவா...

ஐயோ, கயிறு கட்டறாங்க. அதுக்குள்ளயா? பிரிசில்லாக்கா இங்க பார்க்கறாங்க.

"ஏ அங்காளேஸ்வரி! வா மக்கா, நாங்க ஊருக்கு எறங்குகோம்!"

இந்தா வரேன்க்கா! ...சாரும் நிக்கறாரு. அக்கா, இந்த ரவிக்கையைக் கொஞ்சம் பிடிங்க, ஊசி இருக்கு, பார்த்து. பிள்ளை முழிச்சா தட்டிக் குடுங்க. நான் சரியாக் கேக்கறேனான்னு பாருங்க. "சார், மூணாவது எண்ணு தாண்டறதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும்..." இல்ல, முதல்ல நல்லபடியாப் போயிட்டு வாங்கன்னு சொல்லணும், அப்புறம்தான்...

"அங்கா! என்னடி பண்ற, வண்டியை எடுக்கறேன், வந்து சொல்லிட்டுப் போ!"

வண்டியை எடுக்காதீங்க! சார், ஏறிராதீங்க, அங்கயே நில்லுங்க சார், ஒரு நிமிசம்! நான்தான் சார் அன்னைக்குச் சொன்னது! அந்த மூணாவது எண்ணுல மைனஸ் ஒண்ணு போட்டா...